முதுகுக்குப் பின்னால் பெட்ரோல்

1960 முதல் 1972 வரை அமெரிக்காவில் விற்ற செவ்ரோலே பிக்கப் வண்டிகளில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள்ளேயே இருந்தது. இருக்கையின் சாய்மானத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு தகரப் பெட்டி; ஏறக்குறைய 75 லிட்டர் பிடிக்கும். வளைவில் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் சளசளவென்று சத்தம். வெயில் ஏறினால் லேசாகப் பெட்ரோல் வாசனை. கேட்கும்போதே பகீரென்கிறது. ஆனால் வடிவமைத்தவர்களின் கணக்கும் புரியாமலில்லை. பின்பக்கம் சரக்குக்கு, அடிப்பக்கம் கல்லுக்கும் சேற்றுக்கும். அடிபடாத இடம் என்று மிஞ்சியது கேபின்தான்.

1973-இல் வந்த அடுத்த தலைமுறையில் டாங்க் வெளியே போனது. எங்கே? சேஸிஸின் நெடுஞ்சட்டங்களுக்கும் வெளியே, வண்டியின் விலாப்பக்கத்தில். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் தீப்பிடிக்கிறது என்று அந்த ஏற்பாட்டின்மேல் அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. ஒரு ஆபத்தை இடம் மாற்றினால் அது வேறொரு பெயரில் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இந்த அத்தியாயத்தின் நாயகன் 1967-க்கும் 1972-க்கும் இடையே வந்த செவ்ரோலே சி-10. அமெரிக்க வீட்டு கராஜ்களில் இன்றும் அதிகமாகப் பிரிக்கப்படும் பழைய வண்டிகளில் இது ஒன்று. காரணம் எளிது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய மட்டுமல்ல, ஆளே இறங்கி நிற்க இடம் இருக்கும். கணினி கிடையாது. கதவு, தரைத்தகடு, பக்கப் பலகை என்று ஏறக்குறைய எல்லா உதிரிப்பாகமும் இன்றும் புதிதாக அச்சடித்துக் கிடைக்கிறது. ஸ்பானர் செட்டும் பொறுமையும் உள்ள யாரும் இதைப் பிரித்துவிடலாம். திருப்பிப் பூட்டுவதற்குத்தான் இயற்பியல் தேவைப்படுகிறது.

டாங்கையே எடுத்துக்கொள்வோம். சி-10 வாங்கியவர்கள் சீக்கிரமே செய்ய விரும்பும் மாற்றம், இந்தப் பெட்டியைப் பிடுங்கிவிட்டுப் பின்னால், சரக்குத் தொட்டிக்கு அடியில், இரண்டு நெடுஞ்சட்டங்களுக்கும் நடுவே புது டாங்க் ஒன்றை மாட்டுவது. நல்ல மாற்றம்தான். நிரம்பிய டாங்கில் சுமார் 55 கிலோ பெட்ரோல் இருக்கும்; அந்த எடை பின்னால் போவது, சரக்கில்லாதபோது பின்சக்கரம் வழுக்கும் பிக்கப்புக்கு உதவவே செய்யும். ஆனால் பெட்ரோல் இப்போது எஞ்சினுக்கு மூன்று மீட்டர் தள்ளி, அதுவும் தாழ்வில் இருக்கிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பழைய பம்ப் அவ்வளவு தூரத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவத்தின் கொதிநிலையும் குறையும். கோடை மதியத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். வண்டி நின்றுவிடும். எனவே டாங்க் அருகே மின்சார பம்ப் வைத்துத் தள்ள வேண்டியதாகிறது. மின்சார பம்ப் வந்தால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் அது பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது; ஆயில் அழுத்தம் விழுந்தாலோ வண்டி மோதிக் குலுங்கினாலோ மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் ஒன்று தேவை. டாஷ்போர்டில் உள்ள பெட்ரோல் முள் 0 முதல் 90 ஓம் வரை மாறும் மின்தடையைப் படிக்கப் பழகியது. புது டாங்கின் மிதவை வேறு அளவில் தடையைக் காட்டினால், முள் பாதி டாங்கை முழு டாங்க் என்று சொல்லும்.

ஒரு பெட்டியை ஒன்றரை மீட்டர் நகர்த்தியதற்கு இத்தனை. பழைய வண்டியில் கைவைப்பவர் உண்மையில் செய்வது, ஐம்பது ஆண்டுக்கு முன் யாரோ சமன் செய்துவைத்த ஒரு கணக்கைக் கலைப்பது. கலைக்கலாம், தப்பில்லை. ஆனால் மறுபடி சமன் செய்துதான் ஆக வேண்டும்.

கழற்றிய பழைய டாங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஓட்டை இருந்தால் வெல்டிங் வைத்து அடைக்கத் தோன்றும். வேண்டாம். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் வெடிக்கும். நிரம்பிய டாங்கில் ஆவி அதைவிட அடர்த்தி. காலி டாங்கில்தான் அந்த விகிதம் கச்சிதமாக அமைகிறது. தட்டிப் பார்த்தால் காலி, முகர்ந்தால் வாசனையில்லை என்பதெல்லாம் சான்றாகாது.

இனி துரு. பழைய பிக்கப் வாங்கும் அமெரிக்கர் எஞ்சினைக் கேட்பதற்கு முன் வண்டி எந்த மாநிலத்தில் ஓடியது என்று கேட்பார். மிச்சிகன், ஒஹையோ என்றால் முகம் சுளிக்கும். அரிசோனா என்றால் மலரும். வடக்கே பனிக்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புக் கொட்டுகிறார்கள். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பதே ஒரு மின்வேதிச் செயல்தான். இரும்பின் ஒரு பகுதி எலக்ட்ரானை விடுகிறது, இன்னொரு பகுதியில் ஆக்சிஜனும் நீரும் அதை வாங்கிக்கொள்கின்றன. நடுவே கடத்தும் திரவம் இருந்தால் சுற்று முழுமையாகிவிடும். வறண்ட அரிசோனாவில் அந்தத் திரவம்தான் இல்லை.

எங்கே துருப்பிடிக்கும் என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆக்சிஜன்தான் காரணம் என்றால், காற்றுப் படும் இடம்தானே முதலில் அரிக்க வேண்டும்? சி-10இல் அப்படி நடப்பதில்லை. கதவுக்குக் கீழே உள்ள குழல்பலகை, கேபினின் பின்மூலைகள், தரைவிரிப்புக்கு அடியில் உள்ள தகடு என்று காற்றே எட்டாத இடங்கள்தான் சல்லடையாகின்றன. இதற்கு விடை தந்தவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த யூலிக் எவன்ஸ். பளபளப்பாகத் தேய்த்த இரும்பின்மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் நிறம் காட்டும் இரண்டு வேதிப்பொருள்கள். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகிறது: அங்கே இரும்பு கரைகிறது. விளிம்பு இளஞ்சிவப்பாகிறது: அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்குகிறது. விளிம்புக்குக் காற்று எளிதில் எட்டும், நடுவுக்கு எட்டாது. ஆக, ஆக்சிஜன் நிறைந்த இடம் ஆக்சிஜன் குறைந்த இடத்தைத் தின்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது.

சி-10இன் கண்ணாடிக்கு முன்னால், பானெட்டுக்குப் பின்னால், காற்று உள்ளே போகச் சல்லடைத் திறப்பு ஒன்று உண்டு. இலைதழை அதன் வழியே விழுந்து உள்ளே மக்கும். மழைநீர் அந்த மக்கோடு சேர்ந்து கீழிறங்கிக் கதவடிக் குழலில் தேங்கும். வடிகால் துளை அடைபட்டிருக்கும். ஈரச் சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. எவன்ஸின் சொட்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளி இரண்டு தகடுகளைப் பிளக்கும், பெயிண்டைக் கொப்புளமாக உயர்த்தும். வெளியே காசளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே கையளவு தகடு போயிருக்கும் என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பழைய பெயிண்டையும் துருவையும் அப்படியே காட்டிக்கொண்டு, மேலே வார்னிஷ் அடித்து அழகென்று சொல்லும் ஒரு மோகம் இப்போது அமெரிக்காவில் பரவியிருக்கிறது. மேற்பரப்பில் சீராகப் படிந்த துருவுக்கு அது பொருந்தலாம். மூலையில் ஓட்டை விழுந்த கேபினுக்கு அது அழகு அல்ல, சோம்பல்.

சின்னச் சின்ன உதிரிகளின் துருவை நீக்க, அதே மின்வேதியியலைத் திருப்பி ஓட்டலாம். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்திலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் இணைத்தால், பாகத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பித் துரு இளகி உதிரும். இரண்டு எச்சரிக்கைகள். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை, அதாவது எவர்சில்வரை, வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிற வடிவில் தண்ணீரில் கலக்கும். ஸ்பிரிங்கையும் உயர்பலப் போல்ட்டையும் இந்தத் தொட்டியில் போடக் கூடாது. ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். ஹைட்ரஜன் எரியும் வாயு என்பதால் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இறுகிப்போன போல்ட்டைக் கழற்றுவதில் வீட்டு மெக்கானிக்கின் பொழுது பாதி போய்விடும். ஒரு போல்ட்டை முடுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் பாதிக்குமேல் தலைக்கடியில் உராய்வுக்குப் போகிறது. மீதியில் பெரும்பங்கு மரையின் உராய்வுக்கு. பத்துப் பதினைந்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டிப் பிடிமானமாகிறது. துரு ஏறினால் உராய்வுப் பங்கு கட்டுக்கடங்காமல் பெருகும். அப்போது பெரிய குழாயை ஸ்பானரில் செருகித் தொங்கினால் போல்ட் திரும்பாது, முறியும். நட்டைச் சூடாக்குவதுதான் வழி. 12 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 300 டிகிரி சூடேற்றினால் துளை ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு விரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துருப் படலத்தை உடைக்க அது போதும். அதே கணக்கின் மறுபக்கமும் உண்டு. மரையில் எண்ணெய் தடவிவிட்டுப் புத்தகத்தில் போட்ட முறுக்கு அளவுக்கே முடுக்கினால், உராய்வு குறைந்ததால் போல்ட் தேவைக்குமேல் நீண்டுவிடும்.

அரித்த மூலையை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டும்போது வெப்பம் எதிரியாகிறது. கேபின் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் ஓட்டினால், சூடான பகுதி விரியத் துடிக்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. இளகிய உலோகம் நசுங்கிக் கொடுக்கும். ஆறும்போது சுருங்கி, அக்கம்பக்கத்தையும் இழுத்துத் தகட்டை வாரிச் சுருட்டும். அதனால் ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, பிறகு எதிர்முனையில் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைப்பார்கள். பொறுமையற்றவரின் கேபினை ஐம்பதடி தூரத்திலேயே அடையாளம் காணலாம். வெல்டிங்குக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் கைக்கெட்டும் பிரேக் கிளீனரை எடுப்பார்கள். அதில் குளோரின் சேர்ந்த வகை ஒன்று உண்டு. வெல்டிங் வில்லின் புற ஊதாக்கதிரும் வெப்பமும் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் உண்டாகும்: முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதே வாயு. டப்பாவின் சீட்டைப் படிக்காமல் இதில் இறங்குபவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லாமலே போகலாம்.

சி-10இல் 1970 வரை நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1971-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. முந்தைய வண்டி வைத்திருப்பவர் எல்லாருக்கும் டிஸ்க் ஆசை உண்டு. அது நியாயமான ஆசை. இரண்டு டன் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 770 கிலோஜூல். நிறுத்த வேண்டுமானால் அத்தனையையும் சில நொடிகளில் வெப்பமாக்க வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது, நான்கு சக்கரங்களுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்குதான். ஊருக்குள் மெல்ல ஓட்டிப் பார்த்துப் பிரேக் பிரமாதம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கால்பங்கு நினைவிருப்பதில்லை.

டிரம் ஒன்றும் மட்டமான கண்டுபிடிப்பு அல்ல. சுழலும் டிரம் தன்னோடு முன்ஷூவை இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்தவைக்கும். காலின் உழைப்பைச் சக்கரமே பெருக்கித் தருகிறது. கோளாறு சூட்டில் தொடங்குகிறது. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விரிந்து ஷூவை விட்டு விலகும். மலைச்சாலை இறக்கத்தில் பெடல் தரையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க்கோ சூடேறினால் கனத்தில் விரிந்து பேடை நோக்கி வரும். காற்றும் நேரே படும்.

அப்படியானால் டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டினால் முடிந்ததா? இங்கேதான் திரவ அழுத்தத்தின் விதி சொன்ன பாஸ்கல் வருகிறார். 25 மில்லிமீட்டர் மாஸ்டர் சிலிண்டர், 75 மில்லிமீட்டர் காலிப்பர் என்று வைத்துக்கொண்டால் விட்டம் மூன்று மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு. பெடலின் நெம்புகோல் ஆறு மடங்கு. காலால் 20 கிலோ அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் 120 கிலோ, காலிப்பரில் 1,080 கிலோ. பிரமிக்க வைக்கும் எண்தான்; ஆனால் டிஸ்க்கில் டிரம்முக்குள்ள தானே இழுத்துக்கொள்ளும் குணம் இல்லாததால் இந்த விசை அத்தனையும் தேவைப்படுகிறது. கால் வலிக்காமல் இருக்க, எஞ்சினின் உறிஞ்சு வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் வேண்டும். காலிப்பர் டிரம்மின் சிலிண்டரைவிட அதிக ஆயில் கேட்பதால் மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும். அதன் வாய் பெரிதானால் பெடல் கட்டையாகும், சிறிதானால் பெடல் ஆழமாகப் போகும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றானதும், அவசரப் பிரேக்கில் எடை முன்னே சாய, பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று அவசியம். கடைசியில் சக்கரமே பொருந்தாது. பழைய சி-10க்கு ஆறு நட்டு, 1971-இன் டிஸ்க் ஹப்புக்கு ஐந்து. பின்னால் ஆறு, முன்னால் ஐந்து என்று ஓட்டுபவர்கள் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டியதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வியாபாரத் தந்திரம் அல்ல. பழைய ஷூ இருக்கும் டிரம்மைத் திறக்கும்போது காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடவும் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கட்டிப் போட வேண்டும்.

எஞ்சினின் கதை வேறு. எஞ்சின் மாறவில்லை, அதற்குள் ஊற்றுவது மாறிவிட்டது. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. எரிந்த ஈயத்தின் படிவு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெத்தையாகப் படிந்து, இரண்டும் சூட்டில் ஒட்டிப் பிய்ந்துவராமல் காத்தது. 1996 தொடக்கத்தில் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் முற்றிலும் தடையானது. நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் நஞ்சு ஒழிந்தது, நல்லதே. சுமை இழுக்காமல் ஞாயிற்றுக்கிழமை ஓடும் பிக்கப்புக்கு அதனால் பெரிய சேதமில்லை. டிரெய்லர் இழுப்பவர் மட்டும் ஹெட்டைக் கழற்றும் சமயத்தில் கடினமாக்கிய இருக்கைகளை இறக்கிக்கொள்ளலாம்.

இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும், கலவைக்கு 14.1 அளவில் வரும். 1970-இல் துளை போட்ட கார்புரேட்டர் ஜெட்டுக்கு இது தெரியாது. பழைய கணக்குப்படியே அளந்து விடும்; எஞ்சினுக்கு எரிபொருள் நான்கு சதவீதம் குறைவாகக் கிடைத்ததுபோல் ஆகும். ஒரு அளவு பெரிய ஜெட் போட்டால் தீரும். பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுத்துக் கசிவது அப்படித் தீராது. எல்லாக் குழாயையும் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலிலும் இப்படி ஒரு மாற்றம். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் உராயும் உலோகத்தின்மேல் காப்புப் படலம் போடும். பாஸ்பரஸ் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியைக் கெடுப்பதால் புது ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். புது எஞ்சின்களில் கேம்மேல் உருளை ஓடுகிறது, பாதகமில்லை. சி-10இல் தட்டையான டேப்பட் கேம்மேல் தேய்கிறது. புதிதாகப் போட்ட கேம் முதல் ஓட்டத்திலேயே தேய்ந்து மொட்டையாகிவிடும் கதைகள் ஏராளம். ஆயில் பற்றி இரண்டு அமெரிக்கர்கள் பேசத் தொடங்கினால் தேர்தல் பேச்சைவிட நீளும். அதில் பாதி வெறும் நம்பிக்கை. துத்தநாகம் பற்றிய பாதி உண்மை.

மின்பொறி ஏற்பாட்டில் பாயிண்ட், கண்டென்ஸர், காயில். எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 200 பொறி. அந்த ஒரு சோடிப் பாயிண்ட் நொடிக்கு 200 முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயிலின் காந்தப்புலம் சரிந்து 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும். பாயிண்ட் தேய்ந்தால் இடைவெளி மாறும், பொறி தாமதிக்கும். அதனால் 1970களின் நடுவில் இதே நிறுவனம் கொண்டுவந்த மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய எஞ்சினில் இறக்குவது வழக்கம். அப்படியே உட்காரும், பழைய வயரையே மாட்டலாம், எஞ்சினும் உடனே கிளம்பும். வேகமெடுத்ததும் திக்கும். பாயிண்ட் கருகாமல் இருக்க, அந்தப் பழைய வயரிலேயே மின்தடையை வைத்துத்தான் தொழிற்சாலையில் அனுப்பினார்கள். ஓடும்போது காயிலுக்குப் போவது 12 வோல்ட் அல்ல, எட்டோ ஒன்பதோ. புது டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழு 12 வேண்டும். பார்வைக்குச் சாதாரண வயர், உள்ளே ஒளித்துவைத்த ஒரு கணக்கு.

குறைந்த செலவில் கைமேல் பலன் தரும் மாற்றம் என்று என்னைக் கேட்டால் ஹெட்லைட் ரிலேயைச் சொல்வேன். சி-10இல் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து இடதுகாலால் மிதிக்கும் டிம் சுவிட்சுக்குப் போய், பிறகு முன்னால் வருகிறது. மெல்லிய வயர், ஐம்பது ஆண்டுத் துரு ஏறிய இணைப்புகள். வழியில் 0.15 ஓம் தடை இருந்தாலே 9 ஆம்பியர் ஓடும்போது 1.35 வோல்ட் காணாமல் போகும். இழை விளக்கின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் இறங்குவதில்லை, சரிகிறது: பத்து சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், நடுவே ஃபியூஸ், ரிலே. பழைய சுவிட்ச் இனி ரிலேயைத் தட்டி எழுப்பும் சிறு மின்னோட்டத்தை மட்டும் சுமக்கும். ஒரு பிற்பகலில் முடியும் வேலை.

வண்டியைத் தாழ்த்துவது வெறும் அழகுக்கு. அதற்குள்ளும் வடிவியல் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான சி-10களின் பின்அச்சு இரண்டு நீண்ட கைகளில், காயில் ஸ்பிரிங்மேல் நிற்கிறது. இந்த ஏற்பாட்டைத்தான் அமெரிக்காவின் நாஸ்கார் முதன்மைப் பந்தயக் கார்கள் 2021 வரை பின்பற்றின. சரக்கு வண்டியின் பின்பாகத்தோடு மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடினார்கள். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது ஒரு குறுக்குத் தண்டு. அதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். ஒரு மீட்டர் நீளத் தண்டின் முனை கிடைமட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் விலகினால் அச்சை 5 மில்லிமீட்டர் பக்கமாக இழுக்கும். 20 சென்டிமீட்டர் என்றால் 20 மில்லிமீட்டர். இறக்கம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு. தாழ்த்திய பல வண்டிகளில் ஒரு பக்க டயர் வெளியே துருத்தி நிற்பது இதனால்தான். இன்னும் இறக்கினால் அச்சு நெடுஞ்சட்டத்தில் முட்டும்; சட்டத்தைப் பிறைபோல் வெட்டி இடம் விடுகிறார்கள். வளைவைத் தாங்கும் பலம் சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும்தான் இருக்கிறது. கீழ்விளிம்பை வெட்டிவிட்டு வலுத்தகடு வைக்காமல் ஓட்டுபவர், உயரத்தின் இருமடிக்கேற்பப் பலம் குறையும் என்பதைச் சேஸிஸ் விரிசல் விட்ட பிறகு தெரிந்துகொள்வார்.

உயர்த்திப் பெரிய டயர் போடுபவர்களும் உண்டு. 28 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போட்டால், வேகமானி மணிக்கு 60 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 70-ஐத் தாண்டியிருக்கும். அதே பிரேக்குக்குச் சக்கரத்தின் நெம்புகோல் பதினெட்டு சதவீதம் நீண்டுவிடும். புவியீர்ப்பு மையமும் ஏறும். எல்லாக் கணக்கும் பாதகமாகவே திரும்பும் மாற்றம் இது ஒன்றுதான்.

இதையெல்லாம் செய்ய வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. ஹைட்ராலிக் ஜாக்கியில் இரண்டு டன்னைத் தாங்கி நிற்பது ஒரு சின்ன ரப்பர் வளையம்தான். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோபிளாக் கல்லையும் வைக்கக் கூடாது. அது கட்டடச் சுவரில் பரவலான எடையைத் தாங்கும். ஒரே புள்ளியில் குவிந்த எடைக்கு முன்னறிவிப்பின்றிப் பொடியும்.

அமெரிக்காவில் சட்டம் இந்தப் பொழுதுபோக்குக்கு ஓரளவு இடம் விட்டிருக்கிறது. மிகக் கறாரான கலிஃபோர்னியாவிலேயே 1975 மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. சி-10 விலை ஏறிக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் நிலைமை வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதைப் படித்துவிட்டு வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய பிக்கப்பின் பக்கம் கண் போனால், துருவை நீக்குங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள், ஹெட்லைட் வயரைச் சரிபாருங்கள். டாங்கையோ சேஸிஸையோ எஞ்சினையோ தொடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.